ஹாஃப் மூன் பே பூசணித் திருவிழாவுக்கு ஒருநாள் போய்வருவது எப்படி: புதிதாக வந்திருக்கும் தம்பதிகளுக்கு

கலிபோர்னியாவுக்கு வந்த முதல் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை நிதானமாகக் குளித்து, சாப்பிட்டு, காலை பதினொரு மணிக்கு நானும் என் கணவரும் ஹாஃப் மூன் பே கிளம்பினோம். யூனியன் சிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து முப்பது மைல்தான். முந்தின நாள் இரவு பார்த்தபோது முக்கால் மணி நேரப் பயணம் என்று கூகுள் வரைபடம் காட்டியது. ஊர் எல்லையைத் தொட்டபோது மணி இரண்டரை. வண்டி நிறுத்த இடம் கிடைத்தபோது மூன்றேகால். மெல்லிய பருத்திச் சட்டையில் கடற்காற்று ஊசியாகக் குத்தியது. கையில் பணமாக இருந்தது பத்து டாலர். ஐந்து மணிக்குக் கடைகளை மூட ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வீடு சேர இன்னும் இரண்டரை மணி நேரம். அன்று நாங்கள் திருவிழாத் தெருவில் நடந்தது ஒன்றரை மணி நேரம்; வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்.

அடுத்த ஆண்டு மறுபடியும் போனோம், இந்த முறை சரியாகத் திட்டமிட்டு. அதே ஊர், அதே தெரு, மனம் நிறைந்து திரும்பினோம். புதிதாக வந்து, இன்னும் ஊர் பழகாமல், வார இறுதியில் எங்காவது ஒன்றாகப் போய்வரலாமா என்று நினைக்கும் இரண்டு பேருக்கு இதைவிட நல்ல இலையுதிர்கால நாள் இந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் கருத்து. நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் படக் கூடாது என்றுதான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஹாஃப் மூன் பே, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சுமார் முப்பது மைல் தள்ளி, பசிபிக் கரையில் இருக்கும் சின்ன ஊர். ஆண்டுதோறும் அக்டோபர் நடுவில் இரண்டு நாள் அதன் மெயின் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெரு முழுக்கக் கைவினைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பாட்டு மேடைகள் போடுவார்கள். காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

1. தேதியைச் சரியாகப் பிடியுங்கள்

திருவிழா நடப்பது அக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமைக்கு அடுத்து வரும் சனி, ஞாயிறு. 2024இல் அக்டோபர் 19, 20. 2025இல் அக்டோபர் 18, 19. இந்தக் கணக்குப்படி 2026இல் 17, 18 வருகிறது. இருந்தாலும் கிளம்புமுன் ஒருமுறை திருவிழாவின் சொந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பேர் குழம்பினால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் குழம்புவார்கள். அந்த இரண்டாவது திங்கள் கொலம்பஸ் தின விடுமுறை. மூன்று நாள் விடுமுறையில் திருவிழா இருக்கும் என்று நினைத்து ஒரு வாரம் முன்னதாகவே போய், வெறும் தெருவைப் பார்த்துத் திரும்பிய நண்பர்கள் எங்களுக்கு உண்டு.

இன்னொன்று, ராட்சதப் பூசணிகளை எடைபோடும் போட்டி. கிரேன் வைத்துத் தூக்கி நிறுக்கும் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கும் இந்த ஊரின் பெயரே தெரியவருகிறது. அந்தப் போட்டி நடப்பது திருவிழா நாளில் அல்ல. அந்தத் திங்கட்கிழமை காலையில். 2023இல் இங்கே வென்ற பூசணி 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அப்போதைக்கு அதுதான் உலக சாதனை. எடைபோடுவதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை லீவு போட வேண்டும். வென்ற காய்களை மட்டும் பார்த்தால் போதும் என்றால் வார இறுதியில் அவற்றைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள்.

சனியா, ஞாயிறா? சனிக்கிழமை நண்பகலில் வேடம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள், குழந்தைகள் நிறைய வருவார்கள். அது வேண்டுமென்றால் சனி. கொஞ்சம் மூச்சுவிட்டுத் தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை. நான் ஞாயிறைத்தான் சொல்வேன்.

2. ஆவணங்கள்

தெருவில் நடக்கும் சந்தைக்கு ஆவணம் எதற்கு என்று நாங்களும் கேட்டோம். வண்டி ஓட்டும்போதும், ஒரு கோப்பை பியர் வாங்கும்போதும், நடுவழியில் போலீஸ் நிறுத்தினாலும் தேவைப்படும்.

வண்டி ஓட்டுபவரின் லைசென்ஸ்: இந்திய லைசென்ஸும் சர்வதேச அனுமதிப் புத்தகமும் இருந்தால் ஓராண்டு ஓட்டலாம் என்று வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் அது சுற்றுலா வந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. நீங்கள் இங்கே வேலையில் சேர்ந்து குடியிருக்க ஆரம்பித்துவிட்டால், பத்து நாளுக்குள் கலிபோர்னியா லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில் வந்து இறங்கியவர்கள் அக்டோபர் திருவிழாவுக்குத் தாங்களே ஓட்டிப் போக நினைத்தால், டிஎம்வி (மாநில வாகனத் துறை) வேலையை இப்போதே தொடங்குங்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு, அட்டை தபாலில் வருவது என எல்லாம் சேர்ந்தால் வாரக்கணக்கில் ஆகும்.

ஏற்கெனவே லைசென்ஸ் இருப்பவர்கள் அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். விசாவில் இருப்பவர்களுக்கு, நாட்டுக்குள் வந்ததற்கும் எதுவரை தங்கலாம் என்பதற்குமான பதிவான ஐ-94 முடியும் தேதியை ஒட்டித்தான் அட்டை தருவார்கள். விசா நீட்டிப்பு வந்துவிட்டது, நிம்மதி என்று இருந்துவிடுவோம். அட்டை மட்டும் பழைய தேதியோடு சட்டைப்பையில் கிடக்கும். எச்-4 என்ற துணைவர் விசாவில் இருக்கும் மனைவிமார், கணவன்மார் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் மூன்று வாரம் ஓட்டாமல் இருந்தேன்.

வண்டியில் பதிவுச் சீட்டும் காப்பீட்டுச் சான்றும் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத் தாளும் வேண்டும். இருவரும் மாறி மாறி ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காமல் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைவிட்டுவிடும். அப்புறம், டெபிட் கார்டை வைத்து வண்டி எடுப்பது பல இடங்களில் சிரமம், முன்பணமும் அதிகம் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு இன்னும் வரவில்லை என்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

வயதுச் சான்று: பூசணி பியர், உள்ளூர் ஒயின் எல்லாம் அங்கே பிரபலம். 21 வயது ஆனதற்கு அசல் அடையாள அட்டை காட்டியாக வேண்டும். முதல் ஆண்டு என் கணவர் கைபேசியில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினார். மன்னிக்கவும் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலை நரைத்தவர்களிடமும் கேட்கிறார்கள், அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை. கலிபோர்னியா அட்டை இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் அசல் பாஸ்போர்ட்தான். அதைக் கூட்டத்தில் தொலைத்தால் வரும் அலைச்சலை நினைத்தால், பியரே வேண்டாம் என்று விட்டுவிடுவது மேல்.

ஐ-94: பதினெட்டு வயதான வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு அந்த அட்டை. விசாவில் இருப்பவர்களுக்கு ஐ-94 அச்சுப்படி. இதை அரசின் தளத்திலிருந்து இலவசமாக எடுக்கலாம். தேடும்போது மேலே வரும் சில தனியார் தளங்கள் இதற்கே கட்டணம் கேட்கின்றன. முகவரி .gov என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

3. எத்தனை மணிக்கு, எந்த வழியில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஹாஃப் மூன் பேக்கு உள்ளே போக முக்கியமாக இரண்டே வழிதான். கிழக்கிலிருந்து, சான் மட்டேயோ பக்கமிருந்து, மலை ஏறி இறங்கும் நெடுஞ்சாலை 92. வடக்கிலிருந்து, பசிஃபிகா, டாம் லாண்டோஸ் சுரங்கப்பாதை வழியாகக் கடலோரமாக வரும் நெடுஞ்சாலை 1. 92ஐ நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சாலை நெடுஞ்சாலை 280ஐத் தாண்டி, கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தைக் கடந்ததும் சுருங்கிவிடும். அங்கிருந்து ஊர் வரை சுமார் எட்டு மைல். பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம். அந்த எட்டு மைலில்தான் எங்கள் முதல் ஆண்டு தொலைந்தது. இதில் இன்னொரு சிக்கல், 92 நெடுஞ்சாலை 1ஐத் தொடும் முன்பே மெயின் தெருவைச் சந்திக்கிறது. திருவிழாவே அந்தத் தெருவில்தான். ஊருக்குள் திரும்புகிறவர்கள், கடற்கரைக்குப் போகிறவர்கள், சாலையோரப் பூசணித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு சாலைதான்.

இதற்கு ஒரே மருந்து, விடிகாலை. இரண்டாம் ஆண்டு நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியது ஆறே முக்காலுக்கு. சான் மட்டேயோ பாலத்தில் ஏறும்போது ஏழு. மலை மேல் பனிமூட்டத்துக்குள் புகுந்து இறங்கி, ஏழே முக்காலுக்குள் ஊரில் இருந்தோம். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எட்டரைக்கு மேல் 280ஐத் தாண்டுகிறீர்கள் என்றால் வரிசையில் சேரத் தயாராக இருங்கள். பத்து மணிக்கு மேல் என்றால் அன்றைக்கு வேறு திட்டம் போடுங்கள், அடுத்த நாள் விடிகாலையில் வாருங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

கூகுள் காட்டும் நேரத்தை முந்தின நாள் பார்த்து நம்பாதீர்கள். அன்று காலை கிளம்பும்போது பார்க்க வேண்டும், 280 வரும்போது இன்னொருமுறை பார்க்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வருகிறவர்களுக்கு நெடுஞ்சாலை 1 நல்ல வழி. வழியெல்லாம் கடல் தெரியும்.

பாலச் சுங்கம்: சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம் குடியிருப்பவர்கள் சான் மட்டேயோ பாலத்திலோ டம்பார்டன் பாலத்திலோ மேற்கே போகும்போது மட்டும் சுங்கம் கட்ட வேண்டும். திரும்பும்போது கிடையாது. 2025இல் 8 டாலர். ஆண்டு மாறினால் கூடலாம், பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடியில் பணம் வாங்க ஆள் கிடையாது. ஃபாஸ்ட்ராக் கருவி இருந்தால் அதில் கழியும், இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு ரசீது அனுப்புவார்கள். புதிதாக வீடு மாறியவர்களுக்கு ரசீது பழைய முகவரிக்குப் போய், அபராதத்தோடுதான் விஷயமே தெரியவரும். வாடகை வண்டியில் சுங்கத்தோடு வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்க்கும். சிலசமயம் அது சுங்கத்தைவிட அதிகம். வண்டி எடுக்கும்போதே கேளுங்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு: சாம்டிரான்ஸ் பேருந்து 294, ஹில்ஸ்டேல் கால்ட்ரெயின் நிலையத்திலிருந்து 92 வழியாக ஹாஃப் மூன் பே போகிறது. 2025இல் பெரியவர்களுக்கு 2.25 டாலர், பணமாகக் கொடுத்தால் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், பேருந்து, ரயில் கட்டண அட்டையான கிளிப்பர் கார்டு இருந்தால் நல்லது. வார இறுதி நேர அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்குத் தனித் தடம் கிடையாது, அதே நெரிசலில்தான் அதுவும் நிற்கும். ஊபர், லிஃப்டில் போய் இறங்குவது எளிது; மாலையில் திரும்ப வண்டி கிடைப்பது கடினம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓட்டுநர் நெரிசலைப் பார்த்துவிட்டு வரமாட்டார். கட்டணமும் ஏறிப்போகும். போகும்போது மட்டும் ஊபர் என்று கணக்குப் போட்டு ஒரு தம்பதி எங்களோடு வண்டியில் திரும்பினார்கள்.

4. வண்டி நிறுத்துவது

எட்டு மணிக்கு முன்னால் போனால் மெயின் தெருவிலிருந்து ஐந்தாறு நிமிட நடையில் குடியிருப்புத் தெருக்களில் இலவசமாகவே இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டியிருக்கும் தற்காலிகத் தாள்களைப் படியுங்கள். வழக்கமாக நிறுத்தலாம் என்று பலகை சொல்லும். திருவிழா நாளுக்கு மட்டும் நிறுத்தக் கூடாது என்று தாள் சொல்லும். தாள் சொல்வதுதான் செல்லும். இழுத்துக்கொண்டு போய்விட்டால் மீட்க நூற்றுக்கணக்கில் டாலர் ஆகும், அந்த நாளும் போய்விடும். வீட்டு வாசல் சரிவை மறைக்காதீர்கள்; சிவப்புச் சாயம் அடித்த ஓரத்தில் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

இல்லாவிட்டால் தற்காலிகமாகப் போட்டிருக்கும் கட்டண மைதானங்கள். நாங்கள் கொடுத்தது 30 டாலர், பணமாக. முதலில் அதிகமாகத்தான் தோன்றியது. ஆனால் பள்ளிக்காகவோ உள்ளூர்ச் சேவைக் குழுவுக்காகவோ தன்னார்வலர்கள் நின்று வசூலிக்கும் இடமாகப் பார்த்துக் கொடுத்தால் மனம் சமாதானமாகிவிடும். ஹாஃப் மூன் பே அரசுக் கடற்கரைப் பூங்காவில் ஒரு நாளைக்கு 10 டாலர். மெயின் தெருவுக்குச் சுமார் ஒரு மைல் நடக்க வேண்டும். பிற்பகலைக் கடற்கரையில் கழிக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல இடம்தான். சீக்கிரம் நிரம்பிவிடும்.

நிறுத்திய இடத்தைப் படம் எடுத்துவிடுங்கள். இருக்கையில் பை, கைபேசி மின்னேற்றி, கோட்டு எதையும் பார்வைக்கு வைக்காதீர்கள். கண்ணாடி உடைத்துத் திருடுவது விரிகுடாப் பகுதி முழுக்க இருக்கும் தொல்லை.

5. உடுப்பும் பையும்

மலைக்குக் கிழக்கே ஃபிரீமான்ட்டில் அக்டோபரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். அதே நேரத்தில் கடலோரத்தில் பனிமூட்டமும் குளிர்காற்றும் இருக்கும். பத்து பாகை செல்சியஸ் வித்தியாசம் சாதாரணம். பதினொரு மணிக்கு மேல் மூட்டம் விலகி வெயில் வந்துவிடும், நான்கு மணிக்கு மேல் மறுபடி குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது. சேலை கட்ட ஆசைப்படுகிறவர்கள் மேலே காற்றுப் புகாத சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய காலணி அவசியம்.

பையில்: தண்ணீர், ஒரு துணிப்பை, மின்னேற்றி, 5, 10 டாலர் நோட்டுகளாக நூறு டாலர். கைவினைக் கடைகளில் கார்டு வாங்குகிறார்கள். ஆனால் கூட்டம் கூடியதும் கைபேசி அலைவரிசை திணறும், கார்டு இயந்திரமும் திணறும். அந்த நேரத்தில் நோட்டு வைத்திருப்பவர் வரிசையை விட்டு முதலில் வெளியே வருவார். இருவரும் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று காலையிலேயே ஒரு இடம் பேசி வையுங்கள். செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. நாய் வளர்ப்பவர்கள் அதை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யுங்கள், வண்டிக்குள் பூட்டிவிட்டுப் போவது கூடவே கூடாது.

6. எவ்வளவு ஆகும்

இரண்டாம் ஆண்டு எங்கள் இருவருக்கும் ஆனது: சுங்கம் 8, பெட்ரோல் 12, வண்டி நிறுத்த 30, சாப்பாடு 45, பூசணிகள் 15. மொத்தம் 110 டாலர். அதன்மேல் 38 டாலருக்கு ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கினேன், அது என் விருப்பம். விடிகாலையில் தெருவில் இலவச இடம் பிடித்து, மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் அறுபதுக்குள் முடிக்கலாம்.

பொருளின் மேல் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. இந்தப் பகுதியில் அது 9 விழுக்காட்டுக்கு மேல். புதிதாக வந்தவர்கள் இதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

7. தெருவில்

ஒன்பது மணிக்கு முன்பே தெருவில் இருங்கள். கடைக்காரர்கள் திரையை விலக்கிப் பொருளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்; காபி வாசனையும் வறுத்த சோளத்தின் வாசனையும் மூட்டத்தோடு கலந்து வரும். வென்ற பூசணிகளோடு படம் எடுக்க முதலில் போங்கள். பதினொரு மணிக்கு அங்கே நீண்ட வரிசை நிற்கும், ஒன்பதேகாலுக்கு எங்களுக்கு முன்னால் நான்கு பேர்தான். நேரில் பார்த்தால் அது பூசணி மாதிரியே இருக்காது. தன் பாரத்தில் தானே சரிந்து, ஒரு பக்கம் தரையோடு படிந்து, பெரிய விலங்கு படுத்திருப்பதுபோல இருக்கும். அட்லாண்டிக் ஜெயண்ட் என்ற ரகம். பக்கத்தில் நின்ற என் கணவரின் இடுப்புக்கு மேல் உயரம்.

அதற்குப் பிறகு கைவினைக் கடைகள். இவை மொத்தக் கொள்முதல் பொருள் விற்கும் கடைகள் அல்ல. பெரும்பாலும் செய்தவரே உட்கார்ந்திருப்பார். மண்பாண்டம், மரவேலை, கண்ணாடி ஊதுவது, நகை, ஓவியம். பாண்டி பஜார் பழக்கத்தில் விலையைப் பாதியாகக் கேட்காதீர்கள், அவர்களுக்கு அது புண்படும். எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். என் கிண்ணத்தின் நீலம் எத்தனை சூளைக்குப் பிறகு வந்தது என்று அந்த அம்மா பத்து நிமிடம் சொன்னார். ஆங்கிலம் பேசத் தயங்கிக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஊரில் வேலை விஷயமாக இல்லாமல் ஒரு அந்நியரோடு நீண்ட நேரம் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் மறுபடி போவேன்.

ராட்சதப் பூசணியில் முகம் செதுக்குவது, கைகட்டிக்கொண்டு பூசணிப் பை என்ற இனிப்புப் பண்டத்தைத் தின்னும் போட்டி இவற்றுக்கு அன்றைய நேர அட்டவணை தெருவிலேயே கிடைக்கும். கழிப்பறைக்குத் தற்காலிகக் கூண்டுகள்தான். மதியத்துக்கு முன் ஒருமுறை போய்விடுங்கள்.

8. சாப்பாடு

சாப்பாட்டுக் கடைகளில் பல உள்ளூர்ச் சேவை அமைப்புகள் நிதிக்காகப் போடுபவை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கேட்டுச் சாப்பிட வேண்டும். பூசணிப் பை என்றால் மசித்த பூசணி, பால், முட்டை, சர்க்கரை, லவங்கப்பட்டை, இஞ்சி, ஜாதிக்காய். முட்டை இல்லாமல் கிடைப்பது அரிது. அடியில் இருக்கும் மாவு ஓட்டில் சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். கிளாம் சவுடர் என்ற கூழ் போன்ற சூப் சிப்பி போட்டது, பன்றி இறைச்சியும் இருக்கலாம். மார்ஷ்மெல்லோ மிட்டாயில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பூசணி ஐஸ்கிரீமிலும் முட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் நாக்குக்கு நன்றாக ஒத்துவருவது பொரித்த ஆர்ட்டிச்சோக். இந்தக் கரையோரத்தில் விளைவது. அது ஒரு பூமொட்டு. உள்ளே இருக்கும் மென்மையான பகுதியை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். எனக்கு வாழைப்பூ வடை நினைவுக்கு வந்தது. மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டரைக்கு எல்லாக் கடையிலும் வரிசை. பதினொன்றே காலுக்குச் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் பிற்பகலில் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

குடிப்பவர்களுக்கு: ஓட்டுபவர் தொடவே வேண்டாம். இங்கே இரத்தத்தில் மதுவின் அளவுக்கு 0.08 விழுக்காடு எல்லை. அதற்குக் கீழேயும் ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிடிக்கலாம். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு கைது போதும், விசாவையே ரத்து செய்யும் அளவுக்குப் போகலாம். திறந்த பாட்டிலை வண்டிக்குள் கொண்டுபோவதும் குற்றம், பக்கத்து இருக்கையில் இருப்பவர் குடித்தாலும்.

9. திரும்பும் நேரம்

ஒன்று, ஒரு மணிக்குள் கிளம்புங்கள். இல்லாவிட்டால் சூரியன் மறையும்வரை இருங்கள். மூன்றிலிருந்து ஆறு மணிக்குள் 92இல் கிழக்கே ஏறுவது, நாங்கள் முதல் ஆண்டு செய்த தவறு.

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவை விட்டு, பாப்லர் கடற்கரைக்கு ஒரு மைல் நடந்தோம். மேட்டில் கரையோரமாகவே நடைபாதை போகிறது. அக்டோபர் நடுவில் சூரியன் மறைய ஆறரை மணி ஆகும். கடலில் மட்டும் மெரினாவில் நிற்பதுபோலக் கால் நனைத்துக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்காதீர்கள். அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று பெரிய அலை ஏறிவரும் கடல் இது, தண்ணீரும் உறைய வைக்கும். மேட்டின் விளிம்பு மண் சரியும், வேலியைத் தாண்ட வேண்டாம். ஏழு மணிக்கு வண்டியை எடுத்தோம், எட்டுக்கு வீடு.

நெரிசலைப் பார்த்ததும் வழிகாட்டிச் செயலி தெற்கே சான் கிரெகோரியோ போய் நெடுஞ்சாலை 84 வழியாக மலை ஏறச் சொல்லும். பகலில் அழகான வழி. ஆனால் வளைவுக்கு மேல் வளைவு, பல இடங்களில் அலைவரிசை கிடையாது. இங்கே ஓட்டப் பழகி ஓராண்டு ஆகாதவர்கள் இருட்டிய பிறகு அதில் போகாதீர்கள்.

10. பூசணி வாங்குவது

தெருவிலேயே வாங்கிச் சுமக்காதீர்கள். 92 ஓரத்துத் தோட்டங்களில் வாங்கலாம், ஆனால் மாலையில் பூட்டிவிடுவார்கள். ஒரு மணிக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பும் வழியில் நிறுத்துங்கள். சூரியன் மறையும்வரை இருக்கப் போகிறவர்கள் திருவிழாவிலோ ஊருக்குள்ளோ பிற்பகலில் வாங்கி, முதலில் வண்டியில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்.

முகம் செதுக்க விற்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி சமையலுக்கு உதவாது. நாராக, தண்ணீராக இருக்கும், சாம்பாரில் கரைந்து ருசியே இல்லாமல் போகும். முதல் ஆண்டு அதைத்தான் வாங்கிக் கூட்டு வைத்தேன். சமைக்க வேண்டுமென்றால் சுகர் பை என்று கேளுங்கள், தேங்காய் அளவோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ இருக்கும். தட்டையாக, ஆழமான வரிகளோடு சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறத்தில் சிண்ட்ரெல்லா என்ற பெயரில் விற்பதைப் பார்த்தால் விடாதீர்கள். நம் ஊர்ப் பறங்கிக்காய்க்கு அதுதான் மிக நெருக்கம். எரிசேரிக்கும் புளிக்குழம்புக்கும் இரண்டுமே நன்றாக வரும். விலை பவுண்டுக் கணக்கிலா, காய்க் கணக்கிலா என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்; ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 450 கிராம். காம்பு உடையாமல், நகம் பதியாத கெட்டித் தோலாகப் பார்த்து எடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

வீட்டில் செய்தித்தாள் விரித்து, வெயில் படாத, உலர்ந்த இடத்தில் வைத்தால் சுகர் பை இரண்டு மாதம் தாங்கும். செதுக்கிய காய் ஒரு வாரம் தாண்டாது. ஹாலோவீன் (அக்டோபர் 31) அன்று வாசலில் வைக்க வேண்டுமென்றால் 29ஆம் தேதிக்கு மேல் செதுக்குங்கள். விதையைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுக்கலாம். வாடிய ஓட்டைக் கறுப்புக் குப்பைத் தொட்டியில் போடாமல் பச்சைத் தொட்டியில் போடுங்கள், மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு.